பல டொமைன்கள், எந்த ஹோஸ்டிங்? முழுமையான வழிகாட்டி

வெப் டிசைன் தொழில் செய்பவர்கள் கையில் சில ஆண்டுகளிலேயே முப்பது நாற்பது டொமைன்கள் (இணைய முகவரிப் பெயர்கள்) சேர்ந்துவிடும். வாடிக்கையாளருக்காகப் பதிந்தவை சில. சொந்தமாக ஏதாவது தொடங்கலாம் என்று வாங்கிப் போட்டவை சில. நாளைக்கு விலை போகும் என்று பிடித்து வைத்தவை மீதி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) தேடும்போது, ‘அன்லிமிடெட் டொமைன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பிளான்தான் முதலில் கண்ணில் படும்.

அதை வாங்க அவசரப்படாதீர்கள். டொமைன்களின் எண்ணிக்கையை வைத்து ஹோஸ்டிங் வாங்கக் கூடாது. ஒவ்வொரு பெயரும் என்ன வேலை செய்கிறதோ அதை வைத்துத்தான் வாங்க வேண்டும். அப்படிப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட பெயர்களுக்கு ஹோஸ்டிங்கே தேவைப்படாது. மிச்சமாகும் பணத்தை, ஆட்கள் உண்மையிலேயே வந்துபோகும் தளங்களுக்குச் செலவழிக்கலாம்.

உதாரணத்துக்கு 40 டொமைன்கள் உள்ள ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 4 வேர்ட்பிரஸ் தளங்கள். 6 நிறுவன அறிமுகப் பக்கங்கள், ஆண்டுக்கு ஒருமுறை போன் நம்பர் மாறினால் உண்டு. 10 பெயர்கள் வேறொரு தளத்துக்குத் திருப்பிவிடப்படுபவை: .காம் வாங்கும்போது கூடவே வாங்கிய .இன், பழைய நிறுவனப் பெயர், அடிக்கடி தவறாகத் தட்டப்படும் எழுத்துக்கோவை. மீதி 20 பெயர்கள் சும்மா இருக்கின்றன.

முதல் படி: பட்டியல் போடுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு டொமைனுக்கும் இவற்றை எழுதுங்கள்: எந்த ரிஜிஸ்ட்ராரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) இருக்கிறது, காலாவதி தேதி, எந்த நேம்சர்வர் (பெயருக்கான தளம் எந்த முகவரியில் என்று பதில் சொல்லும் சர்வர்), தளம் எங்கே ஓடுகிறது, அந்தப் பெயரில் மெயில் உண்டா, பெயர் யாருக்குச் சொந்தம். கடைசிக் கேள்வி முக்கியமானது. வாடிக்கையாளரின் கடைப் பெயர் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் இப்போதே அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஹோஸ்டிங் பில் உங்கள் வழியாகப் போகலாம், டொமைனின் உரிமை அவரிடம்தான் இருக்க வேண்டும்.

காலாவதி தேதிக்குத் தனிக் கவனம் கொடுங்கள். .காம் போன்ற பெயர்களுக்குக் காலாவதிக்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம் உண்டு. ரிஜிஸ்ட்ரார் அதைக் குறைத்தும் வைத்திருக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அப்போது பெயரைத் திரும்ப எடுக்க வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாள் கழித்துப் பெயர் எல்லோருக்கும் திறந்துவிடப்படும். இந்த நாட்கணக்கை நம்பிச் சும்மா இருக்க முடியாது. காலாவதியான சில நாட்களிலேயே பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸை ரிஜிஸ்ட்ரார் துண்டித்துவிடுவார், தளமும் மெயிலும் நின்றுவிடும்.

இந்திய வங்கிக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல். தானியங்கிக் கட்டணங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், பல வெளிநாட்டு நிறுவனங்களின் ஆட்டோ ரினீவல் இந்தியக் கார்டுகளில் நிறைவேறுவதே இல்லை. திரையில் ‘ஆட்டோ ரினீவ்: ஆன்’ என்றுதான் காட்டும்; பணம் எடுக்க முயலும்போது வங்கி மறுத்துவிடும். வெளிநாட்டு ரிஜிஸ்ட்ராரிடம் இருக்கும் பெயர்களை ஒரு மாதத்துக்கு முன்பே கையால் புதுப்பிப்பதுதான் பாதுகாப்பு. முக்கியமான பெயர்களை ஒரேயடியாகப் பல ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிடலாம்; .காம் என்றால் அதிகபட்சம் 10 ஆண்டுகள்.

இரண்டாம் படி: நான்கையும் பிரித்து வையுங்கள்

பெயரைப் பதிந்து தரும் ரிஜிஸ்ட்ரார், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங், மெயில். இவை நான்கும் நான்கு தனிச் சேவைகள். ஒரே நிறுவனம் நான்கையும் சேர்த்து விற்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன.

ஒரு டொமைன் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் பெரிய ஆபத்தில்லை. நாற்பது வைத்திருப்பவர் அப்படி வைக்கவே கூடாது. ஒரு தளத்தில் மால்வேர் ஏறியது என்றோ பில் தகராறு என்றோ ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கை முடக்கினால், டொமைன்களும் அதே கணக்கில் இருந்தால், வேறு இடத்துக்குத் திருப்பிவிடக்கூட முடியாது. ‘ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்’ என்ற சலுகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பதிந்த முதல் 60 நாட்களுக்குப் பெயரை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது. இரண்டாம் ஆண்டில் அந்த இலவசப் பெயரின் விலை என்ன என்பதும் பிளான் பக்கத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

டிஎன்எஸ்ஸைத் தனியாக வைப்பதன் பயன், ஹோஸ்டிங் மாற்றும் நாளில் தெரியும். டிஎன்எஸ் தனியாக இருந்தால் ஒரே ஒரு ஏ ரெக்கார்டை, அதாவது பெயர் எந்த ஐபிக்குப் போக வேண்டும் என்ற பதிவை, மாற்றினால் போதும். அதன் டிடிஎல்லை, அதாவது பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, முந்தின நாளே 300 நொடியாகக் குறைத்து வைத்தால் சில நிமிடங்களில் புதிய சர்வர் வேலைக்கு வந்துவிடும். டிஎன்எஸ் பழைய ஹோஸ்டிங்கோடு ஒட்டியிருந்தால் நேம்சர்வரையே மாற்ற வேண்டும். .காம் பெயர்களுக்கு நேம்சர்வர் தகவலின் டிடிஎல் 2 நாள். அதைவிட மோசம் மெயில்: புதிய ஹோஸ்ட் தானாக உருவாக்கும் டிஎன்எஸ் பட்டியலில் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் உங்கள் பழைய எம்எக்ஸ் ரெக்கார்டு இருக்காது. தளம் நன்றாகத் திறக்கும், மெயில் வராது, இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் போன் செய்வார்.

டிஎன்எஸ்ஸுக்கு எதை எடுப்பது? கிளவுட்ஃப்ளேரின் இலவசச் சேவை பெரும்பாலானவர்களுக்குப் போதும். அமேசானின் ரூட் 53 நல்ல சேவைதான், ஆனால் டொமைன் எண்ணிக்கைக்குக் காசு: முதல் 25 டொமைன்களுக்குத் தலா மாதம் 50 சென்ட், அதற்கு மேல் தலா 10 சென்ட். நம் உதாரணத்தில் மாதம் 14 டாலர். சும்மா இருக்கும் 20 பெயர்களுக்கும் சேர்த்து அதைக் கட்டுவதில் அர்த்தமில்லை. கிளவுட்ஃப்ளேர் தன்னிடம் பதியும் பெயர்களை லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே தருகிறது, ஆனால் அங்கே பதிந்தால் அவர்களின் நேம்சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும். விலைக்காக அதை ஏற்றுக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் பதிவை வேறிடத்திலும் டிஎன்எஸ்ஸை அங்கேயும் வைப்பேன்.

ரீசெல்லர் ஹோஸ்டிங் (மொத்தமாக வாங்கி, பல தனிக் கணக்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் பிளான்) எடுப்பவர்கள் தங்கள் நிறுவனப் பெயரிலேயே நேம்சர்வர் அமைத்துக்கொள்வதுண்டு. பார்க்கக் கௌரவமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு டொமைன் காலாவதியானால் அதை நம்பியிருக்கும் அத்தனை டொமைன்களும் ஒரே நாளில் படுத்துவிடும். அமைத்தே தீர வேண்டும் என்றால் அந்தப் பெயரை 10 ஆண்டுக்குப் புதுப்பித்துவிட்டு அமையுங்கள்.

மூன்றாம் படி: சும்மா இருக்கும் 20 பெயர்கள்

இவற்றுக்கு ஹோஸ்டிங் வாங்காதீர்கள். விற்க நினைக்கும் பெயர் என்றால் செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகளில் பட்டியலிட்டு, அவர்களின் விற்பனைப் பக்கத்துக்கே நேம்சர்வரைக் காட்டிவிடலாம். ‘பார்க்கிங்’, அதாவது சும்மா இருக்கும் பெயரில் காட்டும் விளம்பரப் பக்கத்தின் வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பார்க் செய்த பெயர்களில் விளம்பரம் காட்டுவதை கூகுள் சமீப ஆண்டுகளில் சுருக்கிக்கொண்டே வருகிறது.

சும்மா இருக்கும் பெயர் என்பதால் கவனிக்காமல் விட்டுவிடவும் கூடாது. 2024 ஜூலையில் இன்ஃபோபிளாக்ஸ், எக்லிப்சியம் என்ற இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் ‘சிட்டிங் டக்ஸ்’ என்ற தாக்குதல் முறையைப் பற்றி விரிவாக வெளியிட்டன. டொமைனின் நேம்சர்வர் ஏதோ ஒரு டிஎன்எஸ் சேவையைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சேவையில் உங்கள் கணக்கு எப்போதோ மூடப்பட்டிருக்கும். வேறொருவர் அங்கே புதுக் கணக்குத் திறந்து, உங்கள் பெயரைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். ரிஜிஸ்ட்ரார் பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லை. உங்கள் பெயரில் போலி வங்கிப் பக்கம் ஓடும். பழைய ஹோஸ்டிங்கை நிறுத்திவிட்டு நேம்சர்வரை அப்படியே விட்டுவைத்த பெயர்கள்தான் இதற்கு இலக்கு. உங்கள் பட்டியலில் நேம்சர்வர் பத்தியை மறுபடி பாருங்கள். நீங்கள் இன்று உள்ளே நுழைய முடியாத ஒரு சேவையை ஏதாவது பெயர் காட்டிக்கொண்டிருந்தால், அதை ரிஜிஸ்ட்ராரின் சொந்த நேம்சர்வருக்கு இன்றே மாற்றுங்கள்.

மெயில் போலிகளையும் அடைத்துவிடுங்கள். இந்தப் பெயரிலிருந்து எந்த சர்வரும் மெயில் அனுப்பாது என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்று, மீறி வந்தால் நிராகரிக்கச் சொல்லும் டிமார்க் ரெக்கார்டு ஒன்று, மெயில் வாங்கவும் மாட்டோம் என்று சொல்லும் வெற்று எம்எக்ஸ் ரெக்கார்டு ஒன்று. செலவில்லாத வேலை.

நான்காம் படி: திருப்பிவிடும் 10 பெயர்கள்

பெரும்பாலான ரிஜிஸ்ட்ரார்கள் ‘ஃபார்வர்டிங்’ வசதியை இலவசமாகவே தருகிறார்கள். பயன்படுத்தும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: பழைய பெயரை, பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் (https) முன்னொட்டோடு தட்டிப் பாருங்கள். பல ரிஜிஸ்ட்ரார்களின் ஃபார்வர்டிங் வெறும் எச்டிடிபியில் மட்டும் வேலை செய்யும். எச்டிடிபிஎஸ்ஸில் வந்தால் சான்றிதழ் பிழை காட்டும் அல்லது திறக்கவே திறக்காது. குரோம் பிரௌசர் 2021இல் வந்த 90ஆம் பதிப்பிலிருந்து, தட்டும் முகவரியை முதலில் எச்டிடிபிஎஸ்ஸில்தான் முயல்கிறது. .ஆப், .டெவ் பெயர்கள் எச்டிடிபிஎஸ் இல்லாமல் பிரௌசரில் திறக்கவே திறக்காது. பழைய தளத்துக்கு மற்றவர்கள் கொடுத்த இணைப்புகளும் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் இருக்கும். ஆகவே சான்றிதழ் இல்லாத ஃபார்வர்டிங் என்பது பாதி வேலைதான்.

சரியாகச் செய்ய இரண்டு வழிகள். எளியது: டிஎன்எஸ் கிளவுட்ஃப்ளேரில் இருந்தால், பெயரை அவர்களின் பிராக்சி (இடையில் நிற்கும் சர்வர்) வழியாக விட்டு, ரிடைரக்ட் விதி ஒன்று எழுதுவது. பின்னால் சர்வரே வேண்டாம். ஏ ரெக்கார்டில் 192.0.2.1 என்ற போலி முகவரி கொடுத்தால் போதும். சான்றிதழை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது: உங்களிடம் சின்ன விபிஎஸ் (நீங்களே நிர்வகிக்கும் மெய்நிகர் சர்வர்) ஏதாவது இருந்தால், அதில் கேடி என்ற இலவச வெப் சர்வரை நிறுவி எல்லாப் பெயர்களையும் அதன் ஐபிக்குக் காட்டுவது. ஒவ்வொரு பெயருக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழைத் தானே வாங்கும், தானே புதுப்பிக்கும். பார்வையாளர் வரும் நேரத்தில் சான்றிதழ் வாங்கும் வசதியும் அதில் உண்டு. அதை இயக்கினால் அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலைச் சரிபார்க்கும் அமைப்பையும் கட்டாயம் சேருங்கள். இல்லையென்றால் யாரோ தங்கள் டொமைன்களை உங்கள் ஐபிக்குக் காட்டி உங்கள் சர்வரைச் சான்றிதழ் வாங்க வைத்துக்கொண்டே இருப்பார்கள்.

எந்த வழியானாலும் நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 301 வகை ரிடைரக்டே போடுங்கள். 302 தற்காலிக மாற்றத்துக்கானது. பழைய பெயரின் உள்பக்கங்கள் புதிய தளத்தின் அதே உள்பக்கங்களுக்குப் போகின்றனவா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே தள்ளிவிடுவது, கட்டுரையைத் தேடி வந்தவரைத் தெருவில் விடுவதுதான்.

ஐந்தாம் படி: மாறாத 6 பக்கங்கள்

இவற்றுக்கு வேர்ட்பிரஸ் வேண்டாம். ஐந்து பக்க அறிமுகத் தளத்துக்கு டேட்டாபேஸும் பிளகின் அப்டேட்டும் வீண் சுமை. எச்டிஎம்எல் கோப்புகளாக ஆக்கி கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை போன்றவற்றின் இலவச அடுக்கில் வைத்துவிடலாம். ஹேக் செய்ய அங்கே எதுவும் இருக்காது. கிட்ஹப் பேஜஸும் உண்டு, ஆனால் ஒரு தளத்துக்கு ஒரு சொந்த டொமைன்தான் ஏற்கும். வணிகம் நடத்தும் தளங்களுக்கு அதைப் பயன்படுத்த அவர்களின் விதிகள் அனுமதிப்பதில்லை. தொடர்புப் படிவம் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு தனிச் சேவை தேவைப்படும்.

வெறும் டொமைனுக்கு, அதாவது முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத பெயருக்கு, சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவு) போட டிஎன்எஸ் விதிகள் அனுமதிப்பதில்லை. இந்தச் சேவைகள் பெரும்பாலும் சிநேம்தான் கேட்கும். உங்கள் டிஎன்எஸ் நிறுவனம் இதைச் சமாளிக்கும் சிநேம் ஃபிளாட்டனிங் அல்லது ஏலியாஸ் வசதி தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: உண்மையான ஹோஸ்டிங் தேவைப்படும் 4 தளங்கள்

நாற்பதில் பணம் செலவழிக்க வேண்டியது இவற்றுக்குத்தான்.

ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே கணக்கில் பல டொமைன்களை ‘ஆடான் டொமைன்’ என்று சேர்க்கலாம். அன்லிமிடெட் என்று விற்பது இதைத்தான். இதன் ஆபத்து வெளியே தெரியாது. ஒரே கணக்கில் உள்ள எல்லாத் தளங்களும் ஒரே யூசரின் உரிமையில் ஓடுகின்றன. நாலாவது தளத்தில் ஆண்டுக்கணக்கில் அப்டேட் செய்யாத ஒரு பிளகின் வழியாக ஒருவர் நுழைந்தால், மற்ற மூன்றின் கோப்புகளையும் அவரால் எழுத முடியும். ஒன்றைச் சுத்தம் செய்வீர்கள், பக்கத்துத் தளத்திலிருந்து திரும்ப வரும். வாடிக்கையாளர்களின் தளங்களை இப்படி ஒரே கணக்கில் அடைப்பது, ஒருவரின் அலட்சியத்துக்கு இன்னொருவரைப் பலியிடுவது. நான் இதை முற்றிலும் எதிர்க்கிறேன்.

தளத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். அதற்கு ரீசெல்லர் ஹோஸ்டிங் சரியான தொடக்கம்: டபிள்யூஎச்எம் என்ற நிர்வாகப் பேனல் வழியாக ஒவ்வொரு தளத்துக்கும் தனி சிபேனல் (தளத்தை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பேனல்) கணக்கு, தனி பாஸ்வேர்டு, தனி அளவு. வாடிக்கையாளர் விலகினால் அவர் கணக்கை மட்டும் மூட்டை கட்டிக் கொடுத்துவிடலாம். 2019இல் சிபேனல் நிறுவனம் சர்வருக்கு ஒரே விலை என்ற முறையை விட்டுக் கணக்கு எண்ணிக்கைக்கு விலை என்று மாற்றியது. அதனால்தான் ரீசெல்லர் பிளான்களில் இத்தனை கணக்குகள் என்று வரம்பு இருக்கிறது. நான்கு தளங்களை மட்டும் ஹோஸ்டிங்குக்கு ஒதுக்கியிருந்தால் மிகச் சிறிய பிளானே போதும். நாற்பதையும் கொண்டுபோயிருந்தால் பெரிய பிளானுக்குக் கட்டியிருப்பீர்கள்.

பிளானை ஒப்பிடும்போது டிஸ்க் அளவையும் பேண்ட்வித்தையும் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். தளத்தை நிறுத்துவது வேறு வரம்புகள். ஐநோடு எண்ணிக்கை, அதாவது எத்தனை கோப்புகள் வைக்கலாம். சிபியுவும் மெமரியும் ஒரு கணக்குக்கு எவ்வளவு. ஒரே நேரத்தில் எத்தனை பிராசஸ்கள். இவை விளம்பரப் பக்கத்தில் இருக்காது, விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் வாங்கும் முன் சப்போர்ட்டில் எழுத்தில் கேளுங்கள். எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு தெளிவாகப் பதில் வருகிறது என்பதிலேயே அந்த நிறுவனத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். எஸ்எஸ்எச் (சர்வருக்குள் கமாண்ட் லைனில் நுழையும் வழி) அனுமதி உண்டா, எந்த பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) பதிப்புகள் உண்டு என்றும் கேளுங்கள், 7.4ஐயே இயல்பாக வைத்திருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. விலையைப் பார்க்கும்போது புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள், 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்து.

விபிஎஸ் எடுத்தால் கணக்கு வரம்பு இல்லை, வேகமும் உங்கள் கையில். ஆனால் அப்டேட், ஃபயர்வால், பேக்அப் எல்லாம் உங்கள் பொறுப்பு. லினக்ஸ் கமாண்ட் லைனில் பழக்கமில்லாதவர் வாடிக்கையாளர் தளத்தை அங்கே வைத்துப் பழகக் கூடாது. தன் சொந்தத் தளம் ஒன்றில் முதலில் பழகட்டும். நான்கு நடுத்தர வேர்ட்பிரஸ் தளங்களுக்கு 2 ஜிபி மெமரிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனி லினக்ஸ் யூசர், தனி பிஎச்பி பூல் (பிஎச்பி பிராசஸ்களின் தொகுதி) அமையுங்கள். இல்லையென்றால் ஆடான் டொமைனின் அதே ஆபத்து இங்கேயும் வரும். தளத்துக்கு ஒரு ஐபி என்று வாங்காதீர்கள். ஒரே ஐபியில் நூறு சான்றிதழ்கள்கூட ஓடும். அமேசான் 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. கூகுளில் முன்னேற உதவும் என்று பல ஐபிகளோடு விற்கப்படும் ‘எஸ்இஓ ஹோஸ்டிங்’ பக்கம் போகவே வேண்டாம். தளங்கள் ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்து ஏமாற்றுவதற்கான ஏற்பாடு அது, கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது.

சர்வர் எந்த ஊரில்? வாசகர்கள் இந்தியாவுக்குள் மட்டும் என்றால் மும்பை, பெங்களூரு, சென்னை டேட்டா சென்டர்கள். டிஜிட்டல் ஓஷன் பெங்களூருவில் இருக்கிறது, அமேசான் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தமிழ் வாசகர்கள் பரவியிருக்கும் தளமென்றால் சிங்கப்பூரைப் பரிந்துரைப்பேன். சென்னையிலிருந்து நேரடிக் கடலடிக் கேபிள்கள் அங்கே போகின்றன; தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், போய்த் திரும்ப ஃபைபரில் ஒளிக்கு 30 மில்லிசெகண்டு அளவுதான் ஆகும். எல்லா இன்டர்நெட் நிறுவனங்களும் நேர்வழியில் அனுப்புவதில்லை என்பதால், வாங்கும் முன் உங்கள் இணைப்பிலிருந்தும் நண்பர் ஒருவரின் மொபைலிலிருந்தும் பிங் செய்து, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். டிஎன்எஸ்ஸுக்குள் அந்தப் பெயர் பியூனிகோட் (xn-- என்று தொடங்கும் ஆங்கில எழுத்து) வடிவத்தில்தான் இருக்கும். கன்ட்ரோல் பேனல் அதை ஏற்கிறதா, சான்றிதழ் கிடைக்கிறதா என்று ஒரு பெயரை வைத்துப் பார்த்த பிறகே ஆண்டுச் சந்தா கட்டுங்கள்.

ஏழாம் படி: மெயிலும் பேக்அப்பும்

மெயிலை ஹோஸ்டிங்கோடு சேர்க்காதீர்கள். ஷேர்டு சர்வரில் பக்கத்துக் கணக்குக்காரர் ஸ்பேம் அனுப்பினால் உங்கள் மெயிலும் ஸ்பேமில் விழும். விபிஎஸ் நிறுவனங்கள் பல, மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட்டையே அடைத்துவைத்திருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவோ கூகுளோ, தனிச் சேவையாக எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பெயர்களில் மெயில் உண்மையில் தேவைப்படுபவை நாலைந்துதான் இருக்கும்.

பேக்அப்பில் ஒரே விதி: ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வெளியே ஒரு பிரதி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் முழுவதும் எரிந்துபோனது. 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக இணைய ஆய்வு நிறுவனமான நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. பேக்அப்பும் அதே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு மீட்க எதுவும் மிஞ்சவில்லை. தினமும் தானாக வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் பிரதி போகும்படி அமையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு தளத்தை உண்மையாகவே மீட்டு ஓட்டிப் பாருங்கள். டிஎன்எஸ் ரெக்கார்டுகளையும் எக்ஸ்போர்ட் செய்து பேக்அப்போடு வையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சான்றிதழ்களைக் கண்காணிக்க ஒரு கருவியும் தேவை. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் 90 நாளுக்குத்தான். காலாவதி எச்சரிக்கை மெயில் அனுப்புவதை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். எல்லா நிறுவனங்களின் சான்றிதழ்களுக்குமான அதிகபட்ச ஆயுளும் 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறையப்போகிறது. கையால் சான்றிதழ் ஏற்றச் சொல்லும் ஹோஸ்டிங்கை இனி எடுக்கவே முடியாது. அப்டைம் கூமா போன்ற இலவசக் கருவியை நிறுவி எல்லாப் பெயர்களையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: மாற்றும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் மாற்ற முயலாதீர்கள். முதலில் சும்மா இருக்கும் பெயர்கள். அடுத்து திருப்பிவிடுபவை. பிறகு மாறாத பக்கங்கள். வேர்ட்பிரஸ் தளங்களைக் கடைசியில், ஒவ்வொன்றாக, கூட்டம் குறைந்த நேரத்தில் மாற்றுங்கள். ஏ ரெக்கார்டை மாற்றும் முன் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கணினி பார்க்கும் முகவரிப் பட்டியல்) புதிய ஐபியைப் போட்டு, புதிய சர்வரில் தளம் எப்படித் திறக்கிறது, படிவம் போகிறதா, லாகின் ஆகிறதா என்று பாருங்கள்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் ஓடட்டும். அதன் அக்சஸ் லாகை, அதாவது யார் யார் வந்தார்கள் என்ற பதிவேட்டைப் பாருங்கள். தேடுபொறி ரோபோக்களைத் தவிர யாராவது இன்னும் வந்துகொண்டிருந்தால் ஏதோ ஒரு ரெக்கார்டு பழைய ஐபியைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மறந்துபோன ஒரு சப்டொமைனாகவோ மெயில் ரெக்கார்டாகவோ இருக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள், பழைய ஐபியைக் குறிக்கும் எல்லா ரெக்கார்டுகளையும் நீக்குங்கள், கடைசியாக ஒரு முழு பேக்அப் இறக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கணக்கை மூடுங்கள்.